முப்பத்தெட்டு மணி நேரம்

நண்டு ராத்தல் இரண்டு டாலர் இருபது என்று
விலைக்குழு முடிவு சொன்ன அன்று
அண்ணன் செல்பி படகைக் கட்டிவிட்டு
என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.
ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை.

ஏப்ரல் மாதம். மெர்ரிமன் குடாவை விட்டுப்
பனிக்கட்டி இன்னும் போகவில்லை.
"டீசலுக்கே கட்டாது, வெர்னா" என்றான்.
தேநீர் ஊற்றினேன்.
மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்,
நடுவில் ஒரு சட்டம்.

நியூஃபவுண்ட்லாந்தில் கரையிறங்கும் நண்டை
இங்கேயே வேகவைத்து, பிளந்து, பெட்டியில் அடைத்த பிறகே
வெளியே அனுப்பலாம் என்கிற சட்டம்.
நோவா ஸ்கோஷியா வியாபாரி ஒரு டாலர் கூட்டித் தருகிறான்;
அவனுடைய லாரி இங்கே வரக்கூடாது.
அண்ணனுக்கு அது வாசலில் தொங்கும் பூட்டு.
அந்தப் பூட்டுக்கு உள்ளேதான்
என் அடுப்பு எரிகிறது.

ஐந்து வாரம் ஒரு படகும் அசையவில்லை.
தொழிற்சாலையில் பெல்ட் நின்றது நின்றபடியே.
துப்புரவுக்குக் கூப்பிட்டார்கள், போனேன்.
போன வருஷத்து நண்டுக்கால் ஒன்று
விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்தது.
சுரண்டி எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை, ஏனோ.

குளிர்காலக் காப்பீட்டுக்கு
நானூற்று இருபது மணி நேர வேலை வேண்டும்.
இந்த ஊரில் "எத்தனை ஆச்சு?" என்று கேட்டால்
யாரும் வயதைச் சொல்வதில்லை.

லுவால்ஹாட்டி எனக்கு எதிரில் நின்று நண்டு உடைப்பவள்.
பிலிப்பைன்ஸின் இலோய்லோவிலிருந்து வந்தவள்.
அவளுடைய அனுமதிச் சீட்டில்
இந்த ஒரு தொழிற்சாலையின் பெயர்தான் உண்டு.
"உனக்கு மணிக்கணக்கு. எனக்குக் கதவுக்கணக்கு.
ஒரே கதவு" என்றாள்,
தலைவலையைச் சரிசெய்துகொண்டே.

மே மாதக் கடைசியில் தேவாலயக் கூடத்தில் கருத்துக்கேட்பு.
துறையிலிருந்து ஓர் இளைஞன்,
ஒரு மைக், ஆளுக்கு மூன்று நிமிடம்.
அண்ணன் எழுந்தான்.
"என் வலை, என் கடன், என் முதுகு.
யாருக்கு விற்பது என்று மட்டும் நீங்களா சொல்வீர்கள்?"
பின்வரிசையில் கை தட்டினார்கள்.
முன்வரிசை எங்களுடையது. யாரும் தட்டவில்லை.

அடுத்தது என் முறை.
சங்கத்தில் எழுதிக் கொடுத்த தாள்
கோட்டுப் பையிலேயே இருந்தது.
"அவன் சொல்வது சரி" என்றேன்.
முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
"மீனைத் தீவோடு கட்டிப் போட்டீர்கள், சரி.
உரிமத்தை ஊரோடு கட்டினீர்களா?
ஹன்னாஃபோர்டு துறையில் ஆலையை மூடி எட்டு வருஷம்.
நூற்றுப்பத்துப் பேர் வேலை போச்சு.
அந்த உரிமம் இன்னும் கம்பெனி மேஜையறையில் கிடக்கிறது,
வேறு யாரும் திறந்துவிடக் கூடாதென்று.
பூட்டு உங்களுடையது. சாவி யாரிடம் இருக்கிறது, தம்பி?"

அவன் "குறித்துக்கொள்கிறேன்" என்றான்.
உண்மையாகவே குறித்தான்.
எழுத்து அழகாக இருந்தது.

ஜூனில் பத்து சென்ட் ஏறியது. படகுகள் போயின.
இரவும் பகலும் நீராவி, அம்மோனியா வாடை,
கையுறைக்குள்ளே வெள்ளையாக ஊறிய விரல்கள்.
ஆகஸ்டில் ஒதுக்கீடு முடிந்தது. பெல்ட் நின்றது.
முந்நூற்று எண்பத்திரண்டு.

அண்ணன் வந்தான். இந்த முறை பூட்ஸை வாசலில் விட்டான்.
"கடலுக்குக் கூட வா என்பேன்.
ஆனால் மீன்பிடிக்கு மணியே கிடையாது,
வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள், அது வேறு கணக்கு.
என் கொட்டகைக்குச் சாயம் அடி.
முப்பத்தெட்டு மணி எழுதித் தருகிறேன்."

அடித்தேன். சிவப்புச் சாயம், இரண்டு பூச்சு.
மூன்றாவதும் அடித்தேன், மணி சேர வேண்டுமே.
நிஜமாகவே உழைத்தேன் என்பதற்கு
என் தலைமுடியே சாட்சி.

படிவத்தில் பதினான்காவது கேள்வி:
வேலை கொடுத்தவருக்கும் உங்களுக்கும்
உறவு ஏதேனும் உண்டா?

இரண்டு கட்டங்கள்.
தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே அவன்
படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான்,
தனியாக.